பத்து நாள் இடைவெளி விட்டால் 480 நாள் கணக்கு அழிந்துவிடுமா?

கோவைக்கு அருகே, மோட்டார் பம்புகளுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கணக்கு எழுதச் சேர்ந்தவர். இன்று சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருகைப் பதிவேடு எல்லாமே அவர் கையில். மேசைப் பலகையில் ‘மனிதவள மேலாளர்’ என்று எழுதியிருக்கிறதாம். அலுவலகத்தையும் சேர்த்து அங்கே 72 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 64 பேர் இயந்திரப் பிரிவில்.

புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் இனிப் பழைய சட்டம் எதுவும் கிடையாது என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி அவர் பதினான்கு தொழிலாளர்களின் பெயர்களைக் குறித்துக் கொடுத்து, அவர்களிடம் இராஜினாமா எழுதி வாங்கவும், பத்து நாள் கழித்துக் ‘குறிப்பிட்ட காலப் பணி’ என்று புதிய நியமனக் கடிதம் கொடுக்கவும், அந்தக் கடிதத்தில் முந்தைய ஆண்டின் தேதியைப் போடவும் சொல்லியிருக்கிறார். பதினான்கு பேரில் பதினொருவர், பணி நிரந்தரத்துக்கு உரிமை தரும் 480 நாள்களை இன்னும் சில வாரங்களில் முடிக்கப்போகிறவர்கள், மூவர் ஆறு ஆண்டுகளைத் தாண்டியவர்கள். நான்கு பேரின் இராஜினாமாவைச் சகோதரியே தன் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அதில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழ் படிக்கத் தெரியாதவர். “அவர் ஒடியாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது எதற்கு அக்கா என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறார். முதலாளி கெட்டவர் இல்லை, தன் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்து உதவியவர், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான், என்ன செய்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ‘இது எதற்கு அக்கா’ என்று கேட்ட அந்தத் தொழிலாளிக்குச் சட்டம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தத் தாள் அவருடைய உரிமையை அழிக்காது. அதைத் தயாரித்தவர்களுக்குத்தான் அது ஆபத்து. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலாளி தவறான தகவலின் மேல் ஒரு முடிவெடுத்து, அந்த முடிவின் சுமையை உங்கள் கையெழுத்தின் மேல் ஏற்றியிருக்கிறார். தகவலைத் திருத்தினால் முடிவும் மாற வாய்ப்பு இருக்கிறது என்பதால் முதலில் அதைச் செய்வோம்.

எது போயிற்று, எது போகவில்லை

2025 நவம்பர் 21 அன்று நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியம் பற்றியது 2019-இலும், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய மற்ற மூன்றும் 2020-இலும் நாடாளுமன்றம் இயற்றியவை. அவை 29 சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதும் உண்மை. ஆனால் அந்த 29-உம் மத்தியச் சட்டங்கள். உங்கள் முதலாளி போய்விட்டதாக நினைக்கும் 480 நாள் விதியோ, 1981-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய ‘தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம்’ என்ற மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. 29 சட்டங்களின் பட்டியலில் அது இல்லை. மத்தியச் சட்டங்களுக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பரப்பப்படும் செய்திகளால் தமிழ்நாட்டில் எத்தனையோ சிறு தொழிற்சாலைகள் இப்போது தவறான ஆலோசனையில் நடக்கின்றன என்பது எனக்கு உண்மையான கவலை.

இரண்டு எண்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் அந்தக் குழப்பம் தெரிகிறது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் முன்னறிவிப்பும் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து வருவது. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். முன்னது வேலையை விட்டு அனுப்பும்போது பேசும், பின்னது வேலையில் இருக்கும்போதே பேசும்.

‘300 பேருக்குக் கீழே இருந்தால் எந்தச் சட்டமும் இல்லை’ என்று ஆலோசகர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தொழில் உறவுகள் தொகுப்பில் 300 என்ற எண் முக்கியமாக வருவது, ஆட்குறைப்புக்கோ மூடலுக்கோ அரசின் முன் அனுமதி பெற வேண்டிய தொழிற்சாலைகளைப் பற்றி. முன்பு அந்த எல்லை 100. உங்கள் தொழிற்சாலை அன்றும் அதற்குக் கீழேதான் இருந்தது, இன்றும் அப்படியே, ஆகவே அந்த மாற்றத்தால் உங்களுக்கு எதுவும் மாறவில்லை. முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதிய இழப்பீடும் 72 பேர் உள்ள இடத்துக்கும் பொருந்தும்.

பத்து நாள் இடைவெளி

இதைத்தான் நீங்கள் முதலாளியிடம் பொறுமையாக விளக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ‘தொடர்ச்சியான பணி’ என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து ஆகியவற்றால் வரும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது என்பதோடு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோன காலமும் முறிக்காது என்கிறது. முதலாளி சொல்லி, நீங்கள் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, பத்து நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அதில் தொழிலாளியின் தவறு எங்கே இருக்கிறது? அவரைத் தற்காலிகம், பயிற்சியாளர் என்று பதிவேட்டில் எப்படி எழுதினாலும், அதே லேத்தில் அதே ஷிப்டில் அதே வேலையைச் செய்தார் என்றால் நீதிமன்றம் வேலையைத்தான் பார்க்கும். நிரந்தரச் சலுகைகள் கிடைத்துவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது, புதிய தொழில் உறவுகள் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையும் அதையே சொல்கிறது.

நாள்களை எண்ணுவதிலும் ஒரு எச்சரிக்கை. வருகைப் பதிவேட்டில் ‘பி’ என்று இருக்கும் நாள்களை மட்டும் கூட்டி, இன்னும் 480 வரவில்லை என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 240 நாள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கித் தொழிலாளர் வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வாதத்தை 480-க்கும் தொழிலாளி தரப்பு வைக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் பதினொருவரில் சிலர் ஏற்கெனவே அந்த எல்லையைக் கடந்திருக்கக்கூடும்.

இனி அந்த மூன்று பேர். ஆறு ஆண்டு பணி முடித்தவர் உண்மையாகவே இராஜினாமா செய்தார் என்றால், அன்றே அவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கொடுக்க வேண்டிய கடமை வந்துவிடுகிறது, முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஊதியத் தொகுப்பின்படி பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். முதலாளி இவற்றைக் கொடுக்கவில்லை என்றால், அந்த இராஜினாமா வெறும் தாள் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகும். கொடுத்தால், மிச்சப்படுத்த நினைத்த பணம் இன்றே கையை விட்டுப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

தேதியை முன்னால் போடுவது இதைவிடப் பலவீனமானது. நியமனக் கடிதத்தில் சென்ற ஆண்டின் தேதி இருக்கும், ஆனால் பி.எஃப். கணக்கில் அதே யூ.ஏ.என். எண்ணில் (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் உள்ள நிலையான எண்) அதற்கு முந்தைய மாதங்களிலிருந்து சந்தா ஓடிக்கொண்டிருக்கும். இ.எஸ்.ஐ. பங்களிப்பு, கைரேகை வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் ஏறிய சம்பளம் எல்லாம் வேறு கதை சொல்லும். பல ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு நிர்வாகம் தாக்கல் செய்த ஒன்பது இராஜினாமாக் கடிதங்களை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒன்பதிலும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, ‘எனது சொந்தக் காரணங்களால்’ என்ற ஒரே வாக்கியம், அதில் ‘காரணங்களால்’ என்ற சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. இரண்டு கடிதங்களின் தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்று அந்த ஆலை மூடியிருந்தது. குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்று அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொன்னவர் முதலாளி இல்லை, அவற்றை எழுதிய அலுவலகப் பெண். அவர் புடவைத் தலைப்பைப் பற்றியிருந்த கை நடுங்கியது இன்னும் என் கண்முன் நிற்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

உங்கள் தலைக்கு வரக்கூடியது

‘முதலாளி சொன்னதைத்தானே செய்தேன், பொறுப்பு அவருடையதுதானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலாளர் சட்டங்களின் கடமைகளைப் பொறுத்தவரை பெரும்பகுதி பொறுப்பு முதலாளிக்குத்தான். ஆனால் பொய்யான தேதியிட்ட ஆவணத்தை உருவாக்குவது குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. மோசடி நோக்கத்தோடு கணக்குகளையும் பதிவேடுகளையும் திரிக்கும் ‘எழுத்தர், அலுவலர் அல்லது பணியாளர்’ என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 477ஏ, பணியாளரைச் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை ஏழு ஆண்டுவரை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இதுவரை நீங்கள் முன்தேதியிட்ட நியமனக் கடிதம் எதையும் தயாரிக்கவில்லை என்று எழுதியிருப்பது பெரிய ஆறுதல். அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

எழுதி வாங்கிய நான்கு இராஜினாமாக்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சகோதரி. ஆவணத்தை அழிப்பது இன்னொரு சிக்கலைத் தொடங்கும். அவை இன்னும் ஏற்கப்படவில்லை, பி.எஃப். தளத்திலும் விலகல் தேதி ஏற்றப்படவில்லை என்பதால் திருத்துவது எளிது. நால்வரிடமும் ‘இன்ன தேதியிட்ட என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று அவரவர் மொழியிலேயே இரண்டு வரி எழுதி வாங்கி, முதலாளியின் ஒப்புதலோடு மூலக் கடிதத்துடன் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். ஒடிசாத் தொழிலாளிக்கு அவர் மொழி தெரிந்த சக தொழிலாளி ஒருவரை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது

அவர் உங்களுக்குச் செய்த உதவி உண்மை, அதற்கு நீங்கள் நன்றியோடு இருப்பதும் சரி. அந்த நன்றியைக் காட்ட இப்போது உங்களுக்கு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அவரைச் சுற்றி இருப்பவர்களில் இந்த யோசனை அவரையே கடிக்கும் என்று சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். நேரில் பேசுங்கள். அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்: ‘480 நாள் சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் இன்னும் நடைமுறையில் இருப்பதாக அறிகிறேன், வழக்கறிஞரிடம் எழுத்துப்பூர்வமான கருத்துப் பெற்ற பிறகு தொடரலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ குற்றம்சாட்டும் தொனி அதில் வேண்டாம். அந்த ஒரு மின்னஞ்சல் பின்னாளில் உங்களைக் காக்கும்.

வெறுமனே மறுப்பதைவிட மாற்று வழியோடு போவது நல்லது. குறிப்பிட்ட காலப் பணி என்பது சட்டபூர்வமான ஏற்பாடுதான். பத்து மாத ஆர்டர் ஒன்று வருகிறது, அதற்காகப் புதிதாக ஆள் எடுக்கிறார் என்றால், முதல் நாளிலேயே காலத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவரை அதற்குள் தள்ளுவது அவருடைய பணி நிபந்தனையை மாற்றுவதாகும், அது தகராறுக்கு வாசலைத் திறக்கும். அதோடு, இந்த ஏற்பாடு மலிவானது என்ற எண்ணமும் சரியில்லை. அப்படி எடுக்கப்படுபவருக்கு அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குரிய அதே சம்பளமும் சலுகைகளும் தர வேண்டும், ஓராண்டு முடித்தாலே விகிதப்படி பணிக்கொடையும் தர வேண்டும்.

இங்கேதான் உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் செய்தியையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஓராண்டில் பணிக்கொடை என்பது எல்லோருக்கும் பொதுவானது இல்லை, குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு ஐந்தாண்டு விதி தொடர்கிறது. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் நம் மாநிலத்தில் நினைவில் வைக்க வேண்டியது.

புதிய தொகுப்புகளால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்ற அச்சத்துக்கு, நீங்களே குறிப்பிட்ட எட்டு ஆண்டு பணியுள்ள சி.என்.சி. செட்டரை (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்தை அமைத்துக் கொடுப்பவரை) எடுத்துக்கொள்வோம். மொத்தம் 39,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, மீதி 26,000 படிகள். ஊதியத்துக்கான புதிய வரையறைப்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். பாதி 19,500. தாண்டுவது 6,500. ஆகவே அவருடைய ஊதியம் 19,500 ஆகிறது. பி.எஃப். பிடித்தம் கட்டாயமாவது 15,000 வரைக்குத்தான் என்பதால், இதுவரை பிடித்த 1,560 ரூபாய் 1,800 ஆகும், கையில் 240 ரூபாய் குறையும், முதலாளியும் அதே 240 ரூபாயைக் கூடுதலாகச் செலுத்துவார். ஆனால் பணிக்கொடையைப் பாருங்கள். ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆண்டுகளாலும் பெருக்கினால், முன்பு 60,000 வந்த இடத்தில் இப்போது 90,000 வருகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அவருக்குக் காட்டுங்கள், முதலாளிக்கும் காட்டுங்கள், அவரும் இந்தச் செலவுக்கு இப்போதே ஒதுக்க வேண்டும்.

வேறு இரண்டு

பன்னிரண்டு பெண்கள்தான் இருக்கிறார்கள், புகாரும் வந்ததில்லை, அதனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. ஆண் பெண் சேர்த்துப் பத்துப் பேர் வேலை செய்தாலே குழு வேண்டும், புகார் வரும்வரை காத்திருக்கவும் இடமில்லை. அங்கே வேலை செய்யாத முதலாளியின் மனைவியைத் தலைவராகப் போட முடியாது. பணியில் மூத்த பெண் ஊழியரே தலைவர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். இல்லாவிட்டால் 50,000 ரூபாய்வரை அபராதம்.

சட்டச் செய்திகளை எப்படித் தொடர்வது என்ற உங்கள் கேள்விக்கு: எந்தச் செய்தி வந்தாலும் அது மசோதாவா, சட்டமா, வரைவு விதியா, அறிவிக்கப்பட்ட விதியா என்பதையும், மத்திய அரசுடையதா மாநில அரசுடையதா என்பதையும், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் முதலில் பாருங்கள். 12 மணி நேர வேலை வந்துவிட்டது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அரசிதழில் வராத எதையும் நம்பிச் சம்பளப் பட்டியலை மாற்றாதீர்கள்.

முதலாளி கேட்காவிட்டால்

தனியார் நிறுவனத்தில் தவறைச் சுட்டிக்காட்டும் பணியாளருக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் முற்றிலும் கையற்றவரும் இல்லை. பலகையில் மேலாளர் என்று இருந்தாலும், உங்கள் அன்றாட வேலை பதிவேடு எழுதுவதும் பட்டியல் போடுவதும்தான், உங்களுக்குக் கீழே ஆட்கள் இல்லை, விடுப்பு அனுமதிக்கும் அதிகாரமும் இல்லை என்கிறீர்கள். பதவிப் பெயரைவிட முதன்மையான வேலை எது என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கும். ஆகவே நீங்களும் தொழிலாளி என்ற வாதத்துக்கு நல்ல இடமுண்டு. வேலையை விட்டு நீக்கினால் சமரச அலுவலரிடமும் பிறகு தொழில் தீர்ப்பாயத்திடமும் போகலாம், தாமதிக்காமல் போக வேண்டும். கோபத்திலோ கண்ணீரிலோ உங்கள் இராஜினாமாவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம், அது உங்கள் மேல் நடவடிக்கைக்குக் காரணமாகும். உங்களுக்கு வந்த செய்திகள், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், நாள்வாரியான உங்கள் சொந்தக் குறிப்பு ஆகியவை போதும். அந்தப் பதினான்கு பேரும் தொழிற்சாலை ஆய்வாளரிடம் நிரந்தரத் தகுதி கேட்டு மனுக் கொடுக்க உரிமை உள்ளவர்கள். அவர்களில் யாராவது உங்களிடம் வந்து கேட்டால் அந்த உரிமையை மறைக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் பதினான்கு பேரின் பெயர், சேர்ந்த தேதி, மாதவாரியாக வேலை செய்த நாள், சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போங்கள். அவர் வழக்கறிஞரின் கருத்தைக் கேட்கச் சம்மதித்தால், அந்தத் தாளைத்தான் வழக்கறிஞர் முதலில் கேட்பார்.